மூடும் பொறியா, வழுக்கும் குடுவையா, ஒட்டும் இலையா?

பூச்சியுண்ணும் செடி என்றதும் எல்லோரும் கேட்பது வீனஸ் பூச்சிப்பொறியைத்தான். பொறியமைப்பின் நுட்பத்தில் அதற்கு ஈடில்லை. ஆனால் குறைந்த செலவில் நிறைய இரை பிடிப்பது குடுவைத் தாவரமே.

வீனஸின் தாயகம் அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்கள். இலையின் ஒவ்வொரு மடலிலும் பெரும்பாலும் மூன்று உணர்முடிகள். ஒருமுறை தொட்டால் அசையாது. சுமார் 20 வினாடிக்குள் மறுபடி தொட்டால், வினாடியில் பத்திலொரு பங்கு நேரத்தில் மூடிவிடும். ஒற்றை மழைத்துளிக்கு ஏமாறாமல் இருக்கவே இந்தக் கணக்கு. மூடியதோடு வேலை முடிவதில்லை. உள்ளே பூச்சி துடித்து முடிகளை மேலும் உரசினால்தான் விளிம்புகள் இறுகி, நொதி சுரக்கும். செத்த பூச்சியைப் போட்டால் செரிக்காமலே பொறி திறந்துகொள்வது இதனால்தான். அப்படிப் போட்டால், மடல்களை வெளியிலிருந்து மெல்ல அமுக்கிக்கொடுக்க வேண்டும். இரை, பொறியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் விளிம்பு இறுகாது. சாறு கசியும், பாக்டீரியா பெருகும், பொறி கறுத்து அழுகும். செரிக்க ஒரு வாரம், சில சமயம் பத்து நாளுக்கு மேலும் ஆகும். ஒரு பொறி சில தடவைதான் இரை பிடிக்கும். விளையாட்டுக்கு விரலால் சீண்டினால் செடியின் சக்திதான் வீணாகும்.

மேகாலயாவின் குடுவைத் தாவரமான நெப்பந்தஸ் காசியானா, இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே நெப்பந்தஸ் இனம். அசைவதற்கு அது எதையும் செலவழிப்பதில்லை. குடுவையின் வாய் விளிம்பிலுள்ள நுண்ணிய வரிகளில் ஈரம் படலமாகப் படரும்போது, தேன் தேடி வந்த எறும்பு சறுக்கி விழும். மெழுகு பூசிய உட்சுவர் ஏறவிடாது. அடியில் அமிலத் திரவமும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளும் காத்திருக்கும். விளிம்பு காய்ந்துவிட்டால் அதே எறும்பு பத்திரமாக நடந்து போய்விடும். ஆகவே காற்றில் ஈரப்பதம் குறைந்தால் வேட்டையும் குறையும். திரவத்தைப் பழைய மழைநீர் என்று கொட்டிவிடாதீர்கள்; நொதிகளும் அதோடு போய்விடும். சாய்ந்து கொட்டிவிட்டால், குடுவை காயாதபடி மழைநீர் கொஞ்சம் ஊற்றினால் போதும்.

கொசு போன்ற சின்னஞ்சிறு இரைக்கு, இலையில் பசைத்துளிகள் மின்னும் டிரோசிரா. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வளரும் டிரோசிரா பர்மானியின் ஓர உணர்விழைகள் சில வினாடிகளிலேயே வளைந்துவிடும். மற்ற பல இனங்களுக்கு நிமிடங்கள், மணிகள்கூட ஆகும். பசை மூச்சுத்துளைகளை அடைக்க, பூச்சி திணறிச் சாகும். வலுவான பெரிய பூச்சி பிய்த்துக்கொண்டு போய்விடும். கனமழையும் பசையைக் கழுவிவிடும். துளியில்லாத இலையைப் பார்த்துச் செடி பட்டுப்போனதென்று பிடுங்கிவிட வேண்டாம். நல்ல வெயிலும் ஈரமும் கிடைத்தால் மறுபடி துளிர்த்து மின்னும்.