ஒரு பட்டு நெசவாளரின் தடம் தேடி: அயர்லாந்தின் இலவச ஆவணத் தளங்கள் பற்றி

ஹற்றனில் நாங்கள் நடத்திவரும் வாசிப்பு வட்டத்தின் மே மாதக் கூட்டத்தில், எல்லோரும் அறிந்த பெருந்தலைவர் ஒருவரை விட்டு, கைத்தொழில் செய்து பிழைத்து, சங்கம் கட்டி, கடைசியில் ஆயுதம் ஏந்திய ஒரு தொழிலாளியைப் பற்றிப் பேசுவது என்று முடிவாயிற்று. பொறுப்பு என்னிடம் வந்தது. நான் தேர்ந்துகொண்டவர் டப்ளின் நகரத்துப் பட்டு நெசவாளர் மைக்கல் மாலின். பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவைக் கைப்பற்றிய அணிக்குத் தலைமை தாங்கி, அவ்வாண்டு மே 8 ஆம் திகதி கில்மெய்ன்ஹம் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டவர் அவர். இரண்டு மாதங்களாக, வேலை முடிந்த மாலை வேளைகளில், அயர்லாந்து தன் மக்களுக்காகத் திறந்து வைத்திருக்கும் ஆவணத் தளங்களை ஒவ்வொன்றாகப் பயன்படுத்தி அவரைத் தேடினேன். பணம் கேட்காமல், எந்த நாட்டவர் என்று பாராமல் இயங்கும் அந்தச் சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை.

தொடங்குவதற்கு உகந்த இடம் அயர்லாந்து வாழ்க்கை வரலாற்று அகராதி. 2009 இல் ஒன்பது பெருந்தொகுதிகளாக அச்சில் வந்த இந்த நூல் 2021 முதல் இணையத்தில் எவரும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது. மாலின் பற்றிய கட்டுரையைப் படித்தவுடன் அவருடைய வாழ்க்கையின் எலும்புக்கூடு கைக்கு வந்துவிடும். 1874 இல் டப்ளினில் பிறந்தார். பதினைந்து வயது நிறையும் முன்பே, 1889 இல், றோயல் ஸ்கொட்ஸ் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவில் முரசு அடிக்கும் சிறுவனாகச் சேர்ந்தார். 1896 முதல் 1902 வரை இந்தியாவில் இருந்து, வடமேற்கு எல்லையில் ஆப்ரிடி மலைமக்களுக்கு எதிராக நடந்த திரா படையெடுப்பிலும் பங்குபற்றினார். பின்னாளில் தன் மனைவியான அக்னஸ் ஹிக்கிக்கு அங்கிருந்து எழுதிய கடிதங்களில், இந்த ஏழை மக்களுக்கு எதிராகப் போரிடுவதை விட்டு அயர்லாந்துக்காகப் போரிடக் கூடாதா என்ற ஏக்கம் தெரிகிறது. பேரரசின் சீருடையை அணிந்தபடியே அதன் மீதான நம்பிக்கையை இழந்த ஒருவரின் கதையாக அது எனக்குப் பட்டது.

அடுத்தது குடிசன மதிப்பீட்டுத் தளம். அயர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் 1901, 1911 ஆகிய இரண்டு ஆண்டுகளின் குடும்பப் படிவங்களையும், ஒரு வீட்டைக்கூட விடாமல், படம் பிடித்து வைத்திருக்கிறது. பெயரையோ தெருவையோ தட்டினால் வீட்டுத் தலைவரே நிரப்பிய அசல் தாள் திரையில் விரிகிறது. யார் யார் அந்த இரவில் வீட்டில் இருந்தார்கள், மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, தொழில், எங்கே பிறந்தார், ஐரிஷ் மொழி பேசுவாரா என்பவற்றோடு, 1911 ஆம் ஆண்டுத் தாளில், மணமாகி எத்தனை ஆண்டுகள், எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கேள்விகளும் உண்டு. நெசவாளர்கள் நெருங்கி வாழ்ந்த லிபர்ட்டீஸ் பகுதியின் ஒரு தெருவை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் படித்துப் பாருங்கள். பிறந்தவர் எண்ணிக்கைக்கும் இருப்பவர் எண்ணிக்கைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அந்த நகரத்தின் வறுமையை எந்தப் பேராசிரியரையும் விடத் தெளிவாகச் சொல்லிவிடும். நம்முடைய தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் அதே கணக்கைப் போட்ட தாய்மார் இருந்தார்கள். அந்தக் கணக்கு அவர்களுடைய மனத்தில் மட்டுமே இருந்தது.

1901 மார்ச் 31 ஆம் திகதிப் படிவத்தில் மாலினைத் தேடுவது வீண். அன்று அவர் இந்தியாவில் இருந்தார். இதை முதலில் உணராமல் நான் மூன்று மாலைகளை இழந்தேன் என்பதால், தேடப்படுபவர் அந்தத் திகதியில் நாட்டில் இருந்தாரா என்று அகராதியில் பார்த்துவிட்டுப் பிறகு இத்தளத்துக்குப் போகும்படி எல்லோருக்கும் சொல்கிறேன். வயது விடயத்திலும் எச்சரிக்கை வேண்டும். 1901 இல் ஐம்பத்தைந்து என்று எழுதியவர் 1911 இல் எழுபது என்று எழுதியிருப்பதைப் பல தாள்களில் காணலாம். எழுபது வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் தரும் சட்டம் 1908 இல் வந்ததே அதற்குப் பெரும் காரணம். என் பாட்டனாரின் வயதை ஒரு தோட்டத்து அலுவலகத்தில் ஆளைப் பார்த்தே மதிப்பிட்டு எழுதினார்கள் என்பது எங்கள் வீட்டில் இன்றும் பேசப்படும் மனக்குறை. அதனால் தன் வயதைத் தானே எழுதிக்கொள்ளும் வாய்ப்புப் பெற்ற அந்த ஏழைகள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய குடிசனத் தாள்கள் ஏன் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1861 முதல் 1891 வரையான நான்கு மதிப்பீடுகளின் தாள்களை அரசாங்கமே அழித்தது. அதற்கும் முந்தியவற்றில் பெரும்பகுதி, 1922 ஜூன் 30 ஆம் திகதி, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகத்தோடு எரிந்து போயிற்று. ஏழு நூற்றாண்டு ஆவணங்கள் ஒரு பிற்பகலில் சாம்பலாயின. அந்த இழப்பின் நூற்றாண்டான 2022 இல், உலகெங்கும் சிதறிக் கிடந்த படிகளைத் திரட்டி, எரிந்த காப்பகத்தை இணையத்தில் மீளக் கட்டும் மெய்நிகர்க் களஞ்சியம் ஒன்றையும் திறந்திருக்கிறார்கள். நூலகம் எரிவதென்றால் என்னவென்று அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த முயற்சியின் அருமை விளங்கும்.

படையிலிருந்து திரும்பிய மாலின் பட்டு நெசவைக் கற்றார். டப்ளினின் பொப்ளின் என்பது நம் ஊர்த் துணிக்கடைகளில் உள்பாவாடைக்கு வாங்கும் பருத்தித் துணி அன்று. பட்டுப் பாவில் கம்பளி ஊடை ஓட்டி நெய்யும் விலையுயர்ந்த துணி அது. நெசவாளர் சங்கத்தின் செயலாளராகி, 1913 இன் தொடக்கத்தில் பதின்மூன்று வார வேலைநிறுத்தம் ஒன்றை நடத்தினார். பிழைப்புக்காக வைத்த சிறு கடை முதலாளிகள் தொழிலாளரை வேலைக்கு விடாமல் நிறுத்திய அந்த ஆண்டின் பெரும் கதவடைப்பில் நொடித்துப் போயிற்று. இசை தெரிந்தவர் என்பதால் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் வாத்தியக் குழுவுக்குப் பயிற்றுநரானார். தொழிலாளரைப் பொலிஸ் அடியிலிருந்து காக்க 1913 நவம்பரில் உருவான பிரசைகள் படைக்குத் தொழிற்சங்கத் தலைவர் ஜேம்ஸ் கொனொலி தலைமையேற்ற பின், அதன் பயிற்சிப் பொறுப்பு முழுவதும் மாலினின் கைக்கு வந்தது. முரசடித்த சிறுவன் வாத்தியக் குழுவுக்கும், வாத்தியக் குழுவிலிருந்து படைக்கும் வந்து சேர்ந்த இந்த வழி எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை ஆட்கணக்குக்கு, ஆள் கூட்ட அடித்த அதே தப்பைச் சங்கக் கூட்டத்துக்கும் அடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா நாங்கள்?

இந்தச் சேவைகளுள் மகுடம் என்று நான் கருதுவது இராணுவ வரலாற்றுப் பணியகத்தின் தொகுப்பு. 1947 இல் அயர்லாந்து அரசு ஒரு பணியகத்தை அமைத்தது. 1913 நவம்பர் முதல் 1921 ஜூலை வரையான போராட்டத்தில் பங்குபற்றியவர்களைத் தேடிச் சென்று, உட்கார்ந்து கேட்டு, தட்டச்சில் எழுதி, அவர்களிடமே காட்டிக் கையொப்பம் பெறுவது அதன் பணி. பத்து ஆண்டுகளில் 1,773 சாட்சிக் கூற்றுகள் சேர்ந்தன. பிறகு எல்லாவற்றையும் இரும்புப் பெட்டிகளில் பூட்டி வைத்தார்கள். பேசியவர்கள் உயிரோடு இருக்கும் வரை யாருக்கும் தலைகுனிவு வரக்கூடாது என்பது அந்தக் காத்திருப்பின் பொருள். 2003 இல் பெட்டிகள் திறக்கப்பட்டன. 2012 முதல் ஒவ்வொரு கூற்றும் இணையத்தில் கிடைக்கிறது.

மாலினின் தம்பி தோமஸ் கொடுத்த கூற்று அங்கே இருக்கிறது. தலைவர்களின் நினைவுக் குறிப்புகளில் வராத ஒரு தொனி, கூடப்பிறந்தவன் அண்ணனைப் பற்றிப் பேசும் தொனி, அந்தப் பக்கங்களில் இருக்கிறது. நான் இத்தொகுப்பில் முதலில் அதைத்தான் படித்தேன்; யாரும் அதையே முதலில் படிக்க வேண்டும். மைக்கல் மாலினின் அணியில் நின்ற பிராங்க் ரொபின்ஸ் பேசியிருக்கிறார். எழுச்சியன்று காலை ஆட்களை அணிவகுக்க அழைத்து எக்காளம் ஊதிய வில்லியம் ஓமன் பேசியிருக்கிறார். இவர்கள் பெரும்பாலும் தொழிலாளர்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கிறார், ஒரே நிகழ்ச்சியை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. இரண்டு வாரம் கழிந்த பின், உண்மை இருக்கும் இடம் அந்த முரண்பாடுகளுக்கு நடுவில்தான் என்று பட்டது.

ஸ்டீபன்ஸ் கிரீன் விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 24 ஆம் திகதி பூங்காவுக்குள் நுழைந்து பதுங்குகுழி வெட்டினார்கள். சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் இருந்தன. மறுநாள் விடியலில் ஷெல்பர்ன் ஹோட்டலிலிருந்து இயந்திரத் துப்பாக்கி சுடத் தொடங்கியதும் பூங்காவை விட்டு அறுவை மருத்துவக் கல்லூரிக் கட்டடத்துக்குள் போக நேர்ந்தது. பூங்காக் காவலர் வாத்துகளுக்கு இரை போடுவதற்காக இரு தரப்பும் சுடுவதை நிறுத்திய கதையும் இந்த நாட்களுடையதே. பதின்மூன்று ஆண்டுகள் படையில் இருந்த ஒருவர் இப்படி ஒரு பள்ளத்தில் ஆட்களை இறக்கலாமா என்ற கேள்வி இன்றுவரை எழுகிறது. தவறு தவறுதான் என்பது என் எண்ணம். ஆனால் எதிர்பார்த்த ஆட்களில் எத்தனை பேர் வராமல் போனார்கள் என்பதைக் கூற்றுகளில் படித்த பிறகு அந்தத் தீர்ப்பை எளிதாகச் சொல்ல முடிவதில்லை.

இதைவிடக் கனமான முடிச்சு ஒன்று உண்டு. ஏப்ரல் 30 ஆம் திகதி சரணடைந்து இராணுவ நீதிமன்றத்தின் முன் நின்றபோது, தான் வெறும் நெசவாளர், வாத்தியப் பயிற்றுநர், தனக்குப் பதவி எதுவும் இல்லை, பொறுப்பை ஏற்கச் சொன்னவர் மார்கீவிச் சீமாட்டி என்று மாலின் கூறினார். உண்மையில் அங்கே தலைவர் அவர். சீமாட்டி அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர். வீட்டில் நான்கு பிள்ளைகளும் கருவுற்ற மனைவியும் இருந்தார்கள். ஒரு பெண்ணைச் சுட மாட்டார்கள் என்று எண்ணியிருப்பார் என்று சிலர் அவருக்காக வாதிடுகிறார்கள். கூட்டத்தில் இதை மறைத்துவிடலாம் என்று ஒரு நண்பர் ஆலோசனை சொன்னார். நான் மறைக்கவில்லை. பிள்ளைகளை நினைத்து நடுங்கிய தகப்பனும், மூன்று நாள் கழித்துத் துப்பாக்கிகளின் முன் நின்றவரும் ஒரே மனிதர் என்பதால்தான் அவர் எனக்குச் சிலையாகத் தெரியவில்லை. இந்த விசாரணைத் தாள்களின் அசல் லண்டனில் உள்ள பிரித்தானிய தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அயர்லாந்துத் தளங்களை மட்டும் நம்புபவர் இந்தப் பகுதியைத் தவறவிடுவார்.

2014 முதல் பகுதி பகுதியாக வெளியாகிவரும் இராணுவ சேவை ஓய்வூதியத் தொகுப்பு, போருக்குப் பின் குடும்பங்கள் பட்ட பாட்டைக் காட்டுகிறது. விண்ணப்பம், மறுப்பு, மீண்டும் விண்ணப்பம், சான்றுக் கடிதம் என்று விதவைகளும் காயப்பட்டவர்களும் அலுவலகங்களோடு நடத்திய நீண்ட போராட்டம் அந்தக் கோப்புகளில் இருக்கிறது. பிரசாவுரிமை விண்ணப்பங்களோடு அரச அலுவலகமான கச்சேரிக்கு நடந்து தேய்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தத் தாள்களின் மொழி உடனே புரியும். மாலினின் கடைசிக் குழந்தை மோரா, தகப்பன் இறந்த பிறகு பிறந்தாள். அப்போது இரண்டரை வயதுக் குழந்தையாக இருந்த ஜோசப், தந்தை இறுதிக் கடிதத்தில் விரும்பியபடியே குருவானவராகி, ஹொங்கொங்கில் வாழ்ந்து, 2018 இல் தமது 104 ஆவது வயதில் மறைந்தார்.

குறைகளும் உண்டு. சாட்சிக் கூற்றுகள் ஒவ்வொன்றும் கனத்த படக் கோப்பு என்பதால், மழை நாட்களில் சமிக்ஞை மெலிந்துவிடும் எங்கள் பக்கத்தில் ஒரு கூற்றை இறக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. அதிகாலையில் இறக்கி வைத்துக்கொண்டு மாலையில் படிப்பது நல்லது. குடிசனத் தாள்களின் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தவர்கள் பெயர்களில் பிழை விட்டிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டலை மாற்றி மாற்றித் தேட வேண்டும். பணியகத்தின் சாட்சிகள் முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துப் பேசியவர்கள் என்பதையும், பெண்களின் குரல் அவர்களுடைய பங்கிற்கு ஏற்ற அளவில் இல்லை என்பதையும், 1922 இல் தொடங்கிய சகோதரச் சண்டையைப் பற்றிக் கேட்காமலே விட்டார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராத மாணவருக்கு இவை நேரடியாகப் பயன்படா. யாராவது தமிழில் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கூட்டத்தில் தோமஸின் கூற்றிலிருந்து சில பக்கங்களைத் தமிழில் வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளியான அம்மா ஒருவர், "இதையெல்லாம் யாரய்யா அவுங்க வீட்டுக்கே போயிக் கேட்டு எழுதுனது?" என்றார். அரசாங்கம் அனுப்பிய ஆட்கள் என்றதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். 1940 ஜனவரி 10 ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையான கோவிந்தனின் சாவை விசாரிக்க ஓர் ஆணைக்குழு உட்கார்ந்தது. ஆனால் அந்தத் தலைமுறையின் வாழ்க்கையை லயம் லயமாகப் போய்க் கேட்டு எழுதும் பணியகம் ஒன்றை எந்த அரசும் மலையகத்தில் அமைக்கவில்லை.

தோமஸ் மாலின் கூற்றின் தமிழாக்கம் பதினோரு தாள்களில் வாசிப்பு வட்டத்தின் அலுமாரியில் இருக்கிறது. படி எடுத்துக்கொள்ள விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமைகளில் வரலாம். அதற்கு அடுத்த தட்டில், அந்த அம்மா ஒலிப்பதிவில் சொல்லத் தொடங்கிய தன் தகப்பனாரின் கதை, முதல் நான்கு தாள்கள் அளவுக்கு, அவருடைய கைநாட்டோடு சேர்ந்திருக்கிறது.