கேரவனுக்குப் புது ஃப்ரிட்ஜ்: கேஸா, கம்ப்ரஸரா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்திலிருந்து கேரவன் என்கிற சக்கர வீட்டைக் காரில் இழுத்துக்கொண்டு க்ரூகர் வனவிலங்குப் பூங்கா பக்கம் போகிறவர்கள் பழைய ஃப்ரிட்ஜ் போனதும் கேட்கிற கேள்வி இது. கேஸில் ஓடுவது சத்தமே போடாது, கரண்ட் இல்லாத முகாமிலும் ஒரு சிலிண்டர் நாள்கணக்கில் தாங்கும். ஆனால் வண்டி சாய்வாக நின்றால் உள்ளே குளிரூட்டுகிற அம்மோனியா சரியாகச் சுற்றாது, அங்கே கோடையான ஜனவரியில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் திணறும், கட்டிக்கொண்டு வந்த மீன் குழம்பு கெட்டுப்போகலாம். 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிற கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் இதற்கெல்லாம் அசராது, சீக்கிரமும் குளிரும். என்ன, ஓடும்போது சுமார் 4, 5 ஆம்பியர் இழுக்கும். நல்ல பேட்டரியும் கூரையில் சோலார் பேனலும் வேண்டும், செலவு அங்கேதான். சரி, கோடையில் போகிறவர் யோசிக்காமல் கம்ப்ரஸர் வாங்குங்கள். வாரக்கணக்கில் மரநிழலிலேயே நிறுத்துகிறவர்களுக்குத்தான் கேஸ். அப்புறம் அந்தக் கேஸ் ஃப்ரிட்ஜின் பின்பக்கக் காற்றுத் துவாரங்களை எதுவும் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.