வெள்ளவத்தையில் ஒரு பால்கட்டும் ஒரு சனல் நம்பரும்

கொழும்பில் பால் கொடுக்கும் ஒருத்திக்கு மார்பு சிவந்து காய்ச்சல் அடித்தால் எந்த டொக்டரைச் சனல் பண்ணுவது, அதாவது காசு கட்டி நம்பர் எடுப்பது? ஒரு தனியார் வைத்தியசாலையில் தொலைபேசி எடுத்த பிள்ளைக்குத் தெரியவில்லை. "விஓஜீயா (மகப்பேற்று நிபுணரா), சேர்ஜனா, ஸ்கின்னா மேடம்?" என்று என்னிடமே கேட்டாள். எனக்கு அப்போது 39 டிகிரி காய்ச்சல். வெள்ளவத்தை வெக்கையில் இரண்டு போர்வைக்குள் பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தேன்.

நான் இருக்கிற லண்டனில் என்றால் 111க்கு, அரசாங்க மருத்துவ ஆலோசனை நம்பருக்கு, அடிப்போம். அங்கேயும் உடனே ஒன்றும் நடந்துவிடாது, ஜீபியை (குடும்ப டொக்டரை) பிடிக்கக் காலை எட்டு மணிக்கு லைனில் தொங்கிய கதையெல்லாம் தனி. ஆனால் "என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டு, யாரிடம் போக வேண்டும் என்பதையாவது அவர்கள் சொல்வார்கள். இங்கே வருத்தத்தையும் நாங்களே கண்டுபிடித்து, அதற்கான ஸ்பெஷலிஸ்ட்டையும் கண்டுபிடித்து, காசையும் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

விஷயம் இவ்வளவுதான். கல்யாண வீடு, இறுக்கமான பிளவுஸ், பிள்ளை மாமி மடியிலிருந்து சித்தி மடிக்குப் போய்க்கொண்டேயிருந்தாள், பசித்து அழுதால் யாரோ ஆட்டி நித்திரையாக்கினார்கள். பால் இறங்க வழியில்லாமல் தேங்கியது. இரவு இடது மார்பில் ஒரு பக்கம் கல் மாதிரி. விடியும்போது அதன்மேல் ஆப்புப் போல ஒரு சிவப்பு, தொட்டால் கொதி, உடம்பெல்லாம் உளைவு. ஊர் வந்த இடத்தில் டெங்குவோ என்றுதான் அப்பா பயந்தார். கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் அந்த நினைப்பு வருவதைக் குறை சொல்ல ஏலாது. ஆனால் பால் கொடுப்பவளுக்கு ஒரு பக்க மார்பு மட்டும் சிவந்து நோவோடு காய்ச்சலும் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மார்பு அழற்சியை, அதாவது மாஸ்டைட்டிஸை.

அம்மா பார்த்த உடனே "பால் கட்டிப் போச்சு" என்றா. நோயைப் பிடித்ததில் முதலிடம் அவவுக்குத்தான். வைத்தியம்தான் பிரச்சினை. சுடுதண்ணியில் துவாயை நனைத்து வைத்து, நல்லெண்ணெய் போட்டு, கட்டியை உடைக்கிற வேகத்தில் ஒரு உருவல். நான் போட்ட சத்தத்தில் எதிர் ஃபிளாட் கதவு திறந்தது. சின்னம்மா காலி வீதிக்குப் போய் மல்லிகைச் சரம் வாங்கி வந்து மார்பில் கட்டச் சொன்னா. அது பாலை வற்ற வைக்கிற கைமருந்து. எனக்குப் பால் வேணும், சின்னம்மா.

சரி, சேர்ஜன் என்று முடிவானது. மாலை ஐந்து மணிக்கு வருவார் என்றார்கள். ஐந்து, ஆறு, ஏழு. வெளிநாட்டுக்காரருக்குத்தான் இது கதை, பக்கத்தில் இருந்த ஆன்ட்டி பிளாஸ்க்கும் பிஸ்கட்டும் கொண்டுவந்து ஆறுதலாக இருந்தா. பளிங்குத் தரை, ஏசி, கண்ணாடி லிஃப்ட் எல்லாம் உண்டு. பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு மூலை கிடையாது. கேட்டதற்குக் கழிவறையைக் காட்டினார்கள். லண்டனில் பஸ்ஸில் இருந்தே கொடுத்துப் பழகியவள் நான்; அங்கே அத்தனை பேர் முன்னால் துணிவு வரவில்லை. மார்பு நிறைய நிறைய நோவு கூடியது. பாலை எடுக்க வேண்டிய வருத்தத்துக்கு, பால் எடுக்க விடாமல் இருத்தி வைத்துப் பார்க்கிற வைத்தியம்.

டொக்டர் வந்தார். ஒரு நிமிடம் பார்த்தார். ஃபுளூகுளொக்சசிலின் 500 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நாலு தரம். அதில் குறையில்லை. இதைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமி, லண்டனிலும் இதே மருந்தைத்தான் கொடுப்பார்கள். பென்சிலின் ஒவ்வாதா என்றும் கேட்டார். (வெறும் வயிற்றில் போட வேண்டிய குளிசை. அம்மா வீட்டில் வெறும் வயிறு எப்போது கிடைக்கும்?) ஆனால் எழுந்து வரும்போது, பாலை நிப்பாட்டிவிட்டுப் பால்மா கொடுக்கச் சொன்னார். ஏன் என்று கேட்பதற்குள் அடுத்த நம்பர் கதவைத் தள்ளியது.

அடுத்த நாள்தான் ஆச்சரியம். எதிர் ஃபிளாட்டில் ஒரு பிறந்த பிள்ளை. அந்தத் தாயைப் பார்க்க ஏரியா மிட்வைஃப் (அரசாங்க மருத்துவமாது) மிஸ் வந்திருந்தா. அதே குடை, அதே பை; என் தம்பி பிறந்தபோது வந்தவவை மாதிரியே. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் தொடர்ச்சி இது, இன்றைக்கும் ஒரு சதம் வாங்காமல் வீட்டுக்கு வருகிறார்கள். முதல் நாள் சத்தம் கேட்ட அந்த வீட்டார் அவவை எங்களிடமும் கூட்டிவந்தார்கள். நான் அவவின் பட்டியலிலேயே இல்லை. "பரவாயில்ல துவ (மகள்), பபாவ வச்சுக் காட்டுங்க" என்று கட்டிலில் இருந்துவிட்டா.

டொக்டர் சொன்னதைச் சொன்னேன். "கிரி நவத்தன்ன எபா!" பாலை நிறுத்தாதே. திடீரென்று நிறுத்தினால் தேக்கம் கூடி, உள்ளே சீழ்க்கட்டியே வரலாம். அந்தப் பாலும் அந்தக் குளிசையும் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. அதற்காகப் பம்ப் வைத்து ஒட்ட ஒட்ட எடுக்கவும் கூடாது, எடுக்க எடுக்க ஊறும்; பிள்ளை கேட்கிற அளவு போதும். பிறகு சுடுதுவாயைப் பார்த்தா. அம்மா தானாகவே அதைப் பின்னால் ஒளித்தா. நோவுக்குக் குளிர் ஒத்தடம், வீக்கத்துக்கு இபுப்ரோஃபென், கை வைத்து அழுத்துவது வேண்டாம். டெங்கு சந்தேகம் என்றால் இபுப்ரோஃபென் தொடாமல் பரசிட்டமோல் மட்டும் என்றும், அன்றைக்கே ரத்தம் சோதிக்கச் சொல்லியும் சேர்த்துச் சொன்னா. அப்பாவின் முகத்தில் அப்படியொரு வெற்றி. (சோதித்தோம், டெங்கு இல்லை.) பிள்ளை காம்பை மட்டும் கவ்வுவதைப் பார்த்து, நாடி மார்பில் முட்ட வாய் நிறையக் கவ்வ வைத்தா. காம்பில் வெடிப்பிருந்தால் அதுவும் கிருமிக்கு ஒரு வாசலாம்.

இரவு வலைத்தளங்களில் தேடிப் பார்த்தேன். பாலூட்டல் மருத்துவர்களின் சர்வதேச அமைப்பான அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2022இல் திருத்திய வழிகாட்டலும் இதையேதான் சொல்கிறது: குளிர், அழுத்தி உருவாதே, மிதமிஞ்சிப் பால் எடுக்காதே. அம்மாவின் சுடுதண்ணியும் உருவலும் அதற்கு முன் புத்தகங்களிலும் இருந்தவைதான் என்று அவவுக்கு வாசித்துக் காட்டினேன். சமாதானம் ஆகவில்லை.

போகும்போது மிஸ் இன்னொன்றும் சொன்னா. மருந்து தொடங்கி இரண்டு நாளில் காய்ச்சல் விடாவிட்டால், அல்லது கட்டி அப்படியே நின்றால், ஸ்கேன் செய்ய வேண்டும். சீழ் இருந்தால் ஊசியால் எடுப்பார்கள். சிவப்பு வாரக்கணக்கில் மாறாவிட்டால் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்தவும் வேண்டும். டி சொய்சா, காசல் வீதி அரசாங்க வைத்தியசாலைகளில் பாலூட்டுவதற்கென்றே தனி நிலையம் உண்டு, நேரே அங்கே போகலாம் என்றா. இதை அந்தத் தொலைபேசிப் பிள்ளை சொல்லியிருந்தால் மூன்று மணித்தியாலம் பளிங்குத் தரையை எண்ணியிருக்க மாட்டேன். எனக்கு அங்கே போகத் தேவை வரவில்லை, காய்ச்சல் இறங்கிவிட்டது.

இப்போது லண்டன். பயணக் காப்புறுதிக்காரர் நோயின் பெயரை டொக்டர் கையெழுத்தோடு கேட்கிறார்கள். என்னிடமுள்ள பில்லில் 'ஹொஸ்பிட்டல் சார்ஜஸ்' என்று மட்டும் இருக்கிறது. வைத்தியசாலைக்கு எடுத்தேன். கடிதம் வேண்டுமென்றால் டொக்டரைத் திரும்பவும் சனல் பண்ண வேண்டுமாம். அம்மா நாளைக்கு எனக்காக நம்பர் எடுக்கப் போகிறா.