குடும்ப ரோலர் கோஸ்டர் விளம்பரத்தை நம்பி டிக்கெட் எடுக்கும் வேலூர்க்காரர்கள் கவனத்துக்கு

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து லீவுக்குச் சென்னைப் பக்கத் தீம் பார்க்குகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைத்திருப்பவர்கள், முக்கியமாக வீட்டில் மூன்று, நாலு, ஐந்து வயதில் பிள்ளை இருப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். பார்க்கின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

புதிதாகக் குடும்ப ரோலர் கோஸ்டர் வந்திருக்கிறது என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். அப்பா, அம்மா, நடுவில் ஒரு பொடியன், பின்சீட்டில் பாட்டி, எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிற படம். என் மகனுக்கு நாலு வயது. படத்தில் இருக்கிற பொடியன் அவனைவிடச் சின்னவன். நான், மனைவி, பிள்ளைகள் இருவர், மாமியார், மச்சான் என்று ஆன்லைனில் 7,000 ரூபாய்க்கு மேல் கட்டிவிட்டு விடியற்காலையில் சத்துவாச்சாரியிலிருந்து வண்டி எடுத்தோம். வாலாஜாவைத் தாண்டினால் ரோடு எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதை விடுங்கள்.

பார்க் வாசலில் சுவரோடு ஒரு அளவுகோல் இருந்தது. 90 செ.மீ.க்குக் கீழே இருந்தால் இலவசம், மேலே போனால் டிக்கெட். பையன் 101. செருப்போடு நிற்கவைத்து அளந்தார்கள், சரி, போகட்டும். கையில் பட்டை கட்டி உள்ளே விட்டார்கள். நேராகக் கோஸ்டருக்குத்தான் போனோம், வெயிலில் வரிசை நகரவே இல்லை. ஒருவழியாக ஏறுகிற இடத்துக்கு வந்தால் அங்கே இன்னொரு அளவுகோல், அதில் கோடு 110-ல். இங்கே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.

"தம்பி ஏற முடியாதுண்ணா, ரூல்ஸ்."

"பெரியவங்க பக்கத்துல உட்கார்ந்தா?"

"அப்பவும் முடியாதுண்ணா."

அந்த விதியை நான் குறை சொல்லவே இல்லை. இந்த மாதிரி வண்டியில் மடிமேல் இறங்குகிற கம்பிதான் ஆளைப் பிடித்து வைக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே கம்பி என்றால் அது பெரியவர் தொடையில் முட்டியதும் நின்றுவிடும், பக்கத்தில் இருக்கிற குழந்தைக்கு இடைவெளி விழும். அதனால் அங்கே நின்று ஆளை ஏற்றுகிற பணியாளிடம் நான் சண்டை போடவில்லை. என் கேள்வி பார்க்கை நடத்துகிறவர்களுக்கு. 90-க்கும் 110-க்கும் நடுவில் இருக்கிற பிள்ளைக்குக் காசு வாங்கத் தெரிந்த வாசல் அளவுகோலில், புது ரைடுக்கும் ஒரு கோடு போட எவ்வளவு நேரம் ஆகும்? டிக்கெட் பக்கத்தில் ஒரு வரி எழுதினால் என்ன? வரிசையின் தொடக்கத்திலாவது ஒரு போர்டு வைத்திருக்கலாம். வைக்கமாட்டார்கள், வைத்தால் பாதிக் குடும்பம் புக் பண்ணாது.

பையன் அழுத அழுகையில் எல்லோரும் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டோம். சாப்பாட்டுக்கு அப்புறம் மகளாவது போகட்டும் என்று மச்சான் அவளைக் கூட்டிப்போனான். வரிசை இன்னும் நீண்டிருந்தது. காரணம் பார்த்தாலே தெரிந்தது: இரண்டு வண்டியில் ஒன்றை ஓரமாக நிறுத்திவிட்டு ஒன்றைத்தான் ஓட்டினார்கள், ஆட்கள் இறங்கி, அடுத்தவர் ஏறி, ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்த்து முடிக்கிற வரைக்கும் தண்டவாளம் சும்மா கிடந்தது. வரிசைக்குப் பக்கத்திலேயே கவுண்டர், தலைக்கு 400 ரூபாய் கொடுத்தால் பாஸ்ட் டிராக், அதாவது வரிசையில் காத்திருக்காமல் முன்னால் போகிற பாஸ். ஒரு வண்டியை நிறுத்தினால் கவுண்டரில் வியாபாரம் ஓடும், கணக்கு எனக்கு அப்படித்தான் படுகிறது. மச்சான் இரண்டு பாஸ் வாங்கி நாலு எட்டு வைப்பதற்குள், "மாமா, காலி வண்டியை சுத்த விட்டுட்டு இருக்காங்க, யாரையும் ஏத்தல" என்று போன்.

போய்ப் பார்த்தேன். ஏதோ கோளாறு வந்து நிறுத்திவிட்டு, ஆளில்லாமல் ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சோதிக்கட்டும், அதுதான் முறை. ஆனால் என் கண் முன்னாலேயே அதே கவுண்டரில் அடுத்தவருக்கு அதே பாஸைக் கிழித்துக் கொடுத்தார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. ரைடு ஓடவில்லை என்று அந்தக் குடும்பத்திடம் நான்தான் சொன்னேன். சாயங்காலம் மூடுகிற வரை யாரையும் ஏற்றவில்லை. 800 ரூபாயைத் திருப்பிக் கேட்டால் "நான்-ரீபண்டபிள் சார், காசு திரும்ப வராது, பாஸ் பின்னாடி போட்டிருக்கு." மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறாராம். கடைசியில் நூறு ரூபாய் சாப்பாட்டுக் கூப்பன் நீட்டினார்கள்.

மெயில் அனுப்பினேன். வார நாட்களில் மட்டும் செல்லுகிற இலவச டிக்கெட் தருகிறோம், மூன்று மாதத்துக்குள் வாருங்கள் என்று பதில். அதற்குள் பையன் எப்படி 110 ஆவான் என்று யோசிக்கவில்லை போல.

பலருக்குத் தெரியாத விஷயம்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பார்க் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். அதாவது வேலூர் மாவட்டத்துக்காரர்கள் வேலூரிலேயே. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நடந்ததிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதியலாம், நான் அதைத்தான் முதலில் செய்தேன். விளம்பரப் படம், டிக்கெட் மெயில், பாஸின் இரண்டு பக்கம், காலி வண்டி ஓடுகிற வீடியோ எல்லாம் இருக்கட்டும், போனை மாற்றும்போது அழித்துவிடாதீர்கள்.

போவதாக இருந்தால் முதல் நாளே பார்க் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: உயர வரம்பு எவ்வளவு, பெரியவர் கூட இருந்தால் எவ்வளவு, ரைடு ஓடுகிறதா, நின்றால் பாஸ் காசு வருமா. போனில் சொன்னால் ஏற்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். என் புகாருக்கு எண் வந்திருக்கிறது, பார்க் என்ன பதில் சொல்கிறது என்று தெரிந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.