பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: ஃபியூல் பம்ப் பெயரில் 11,800 ரூபாய் பறித்தார்கள்

என்னிடம் இருப்பது 2006 மாடல் பெட்ரோல் கார். அப்பா வாங்கியது. இரண்டு மாதம் முன்பு திருச்சியிலிருந்து மதுரைக்குக் குடும்பத்தோடு போனபோது, விராலிமலை தாண்டியதும் நின்றுவிட்டது. இழுவை குறையவில்லை, திணறவில்லை. சுவிட்சை அணைத்த மாதிரி அப்படியே நின்றது. செல்ஃப் போட்டால் இன்ஜின் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. உச்சி வெயில், பின் சீட்டில் அம்மாவும் மகளும். தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்கு அழைத்து உதவி கேட்டிருக்கலாம். அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை. டீக்கடையில் கொடுத்த நம்பருக்குப் போன் செய்தேன். வந்து கட்டி இழுத்துக்கொண்டு ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள்.

அங்கே நடந்த சோதனையைச் சொல்கிறேன். மெக்கானிக் என்னைச் சாவி போடச் சொல்லிவிட்டு, பின் சீட்டில் காது வைத்துக் கேட்டார். டேங்க் அடியில் சுத்தியல் கட்டையால் நாலு தட்டு தட்டினார். "சத்தமே இல்லை சார், தட்டினாலும் எழலை. பம்ப் போயிடுச்சு." அவ்வளவுதான். மீட்டரைக் கையில் எடுக்கவே இல்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எம்பிஎஃப்ஐ (பெட்ரோலை இன்ஜெக்டர் வழியாகப் பீய்ச்சும் முறை) வண்டியில், இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் டேங்க்குக்குள் இருக்கும். சாவியை ஆன் செய்ததும் இரண்டு மூன்று நொடி மெல்லிய முனகல் கேட்கும். அது கேட்கவில்லை என்றால் பம்ப் ஓடவில்லை என்றுதான் அர்த்தம், பம்ப் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஃபியூஸ் போயிருக்கலாம், ரிலே (பம்ப்புக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) போயிருக்கலாம், கனெக்டர் கருகியிருக்கலாம், எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) விட்டிருக்கலாம். நிஜமாகவே தேய்ந்த பம்ப் பெரும்பாலும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்: மேட்டில் இழுவை குறையும், சூட்டில் நிற்கும், டேங்க் பக்கம் கீச்சென்ற சத்தம் கூடும். என் வண்டியில் இது எதுவுமே இல்லை. அதைச் சொன்னேன், அவர் காதில் வாங்கவில்லை.

"ஒரிஜினல் அசெம்பிளி" (மோட்டார், சல்லடை எல்லாம் சேர்ந்த முழு செட்) 8,500, கூலி 1,300, இழுத்து வந்ததற்கு 2,000. ஜிஎஸ்டி பில் இல்லை, பார்ட் நம்பர் இல்லை, துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பழைய பம்ப்பைக் கேட்டேன். "அதை வச்சு என்ன சார் பண்ணப் போறீங்க?" என்றார். அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை. டேங்க் திறந்து கிடந்தபோது பத்தடி தள்ளி வெல்டிங் ஓடிக்கொண்டிருந்ததையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

வண்டி ஓடியது. ஆனால் மறுநாளே உள்ளே பெட்ரோல் வாடை. ஃபுல் டேங்க் போட்டால் தாங்க முடியவில்லை. மகள் தலை வலிக்கிறது என்றாள். போன் செய்தால், "புது பம்ப் வாசம் சார், போகப் போகச் சரியாயிடும்." நம்பினேன். காசு போனதைக்கூட மறந்துவிடலாம், இந்தப் பதிலை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூன்றாவது வாரம் தில்லைநகரில் மறுபடி அதே மாதிரி நின்றது. இந்த முறை நண்பர் சொல்லி, பாலக்கரையில் இருக்கும் ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாயிடம் போனேன். ஃபியூஸ் பார்த்தார். ரிலேயைக் கழற்றி அதே மாதிரி இருந்த ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்த்தார். அப்புறம் பின் சீட்டைத் தூக்கி, பம்ப் பிளக்கைக் கழற்றி மீட்டர் வைத்தார். 12.3 வோல்ட். கரண்ட் வருகிறதே, அப்படியானால் புது பம்ப்பும் போச்சா என்று எனக்குப் பதறியது.

"இருங்க தம்பி. லோடு இல்லாம, அதாவது பம்ப் கரண்ட் இழுக்காம இருந்தா, இத்துப்போன ஒயர்கூடப் பன்னெண்டு காட்டும்."

பிளக்கைத் திரும்ப மாட்டினார். ரிலே இருந்த இடத்தில் ஒரு ஒயரைப் போட்டு பம்ப்புக்குத் தொடர்ந்து கரண்ட் விட்டார். பிளக்கின் பின்பக்கம் ஊசி குத்திப் பார்த்தால் 4 வோல்ட்கூட இல்லை. அடுத்து, ஒரு முனையைப் பம்ப்பின் எர்த் ஒயரிலும் மறு முனையைப் பேட்டரி மைனஸிலும் வைத்தார். 8 வோல்ட் காட்டியது. "இங்க அரை வோல்ட்டே அதிகம்" என்றார். அதாவது பம்ப்புக்குக் கிடைக்க வேண்டிய வோல்ட் எர்த் பாதையிலேயே வீணாகிறது. அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், கார்ப்பெட்டுக்கு அடியில் பாடியில் முடுக்கிய போல்ட். மழைத் தண்ணீர் இறங்கி வாஷர் முழுக்கப் பச்சைப் பூசணம் பிடித்த மாதிரி இருந்தது. எமரி பேப்பரால் தேய்த்து, ஒயர் முனையில் புது லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) அடித்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினார். சாவி போட்டதும் அந்த முனகல் கேட்டது. கேஜ் மாட்டிப் பார்த்தார், 3 பார் பிரஷர். கூலி 300 ரூபாய்.

முதலில் பம்ப் மாற்றிய இடத்தில் அதைக் கழற்றும்போது ஒயரை அசைத்ததில் எர்த் கொஞ்ச நாள் பிடித்திருக்கிறது. அதுதான் அந்த மூன்று வார ஓட்டம்.

வாடைக்கும் காரணம் பார்க்கலாம் என்று பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு டேங்க் மேல் இருக்கும் பம்ப் மூடியைத் திறந்தார். சீல் ரப்பர் பழையது, ஒரு இடத்தில் மடங்கி நசுங்கியிருந்தது. சுற்றிலும் பெட்ரோல் ஈரத்தில் தூசி ஒட்டிக் கருப்பு வளையம். இத்தனை வருடப் பழைய ரப்பர், அதுவும் இப்போது பங்க்கில் வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் ஊறியது. பம்ப்பைத் திறந்தால் சீலைக் கட்டாயம் மாற்ற வேண்டும், விலையும் பெரிதில்லை. அசெம்பிளியும் என்னுடைய பழையதேதான். அடியில் இருந்த சல்லடையில் பழைய கசடு அப்படியே இருந்தது. உள்ளே மோட்டார் மட்டும் புதிது, கம்பெனி பெயர் எதுவும் இல்லை. மோட்டாரை மட்டும் மாற்றுவது தப்பில்லை, நிறையப் பேர் செய்கிறார்கள். அதைச் சொல்லிச் செய்ய வேண்டும், முழு அசெம்பிளிக்குக் காசு வாங்கக் கூடாது.

போட்டோக்களோடு அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஒரு மணி நேரம் வாக்குவாதம் செய்த பிறகு 3,000 கொடுத்தார்கள். மீதிக்கு நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கையில் இருப்பது துண்டுச் சீட்டும், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் பழைய மோட்டாரைத் திருப்பிக் கேட்டேன். கடைசிவரை அதைக் கண்ணில் காட்டவில்லை.