பிரையன் ஆர்சரின் பயிற்சி: யாருக்குப் பொருந்தும்?

பனிச்சறுக்கு நடனமான ஃபிகர் ஸ்கேட்டிங்கில் 1984, 1988 ஒலிம்பிக்கில் வெள்ளி, 1987-ல் உலகச் சாம்பியன். ஒலிம்பிக்கில் முதன்முதலில் ட்ரிப்பிள் ஆக்சல் (காற்றில் மூன்றரைச் சுற்று சுழலும் ஜம்ப்) போட்டவரும் ஆர்சர்தான். அவரிடம் போனால் ஜம்ப்தான் கிடைக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் டொரான்டோ கிரிக்கெட் கிளப்பில் அவரது குழுவின் உண்மையான சரக்கு ஸ்ட்ரோக்கிங், அதாவது பனியைத் தள்ளி வேகம் எடுத்து வழுக்கிச் செல்லும் அடிப்படைப் பயிற்சி.

அதை நடத்துபவர் 1988 ஒலிம்பிக்கில் ஐஸ் டான்ஸ் என்ற ஜோடி நடனப் பிரிவில் வெண்கலம் வென்ற ட்ரேசி வில்சன். சாம்பியன்களும் கூட்டத்தோடு சேர்ந்து ஓடும் வகுப்பு இது. கால் விரல் முனையால் தள்ளினால் டோ பிக் (பிளேடின் முன்முனைப் பற்கள்) பனியைக் கீறும், வேகம் அங்கேயே செத்துவிடும். பிளேடின் பக்கவாட்டால் தள்ள வேண்டும். கிராஸ்ஓவரில், அதாவது வளைவில் ஒரு காலை மற்றதன் மேல் கடத்தி வைத்துப் போகும்போது, பலரும் மேலே வரும் காலை மட்டும் தூக்கி வைக்கிறார்கள். கீழே கடந்து போகும் கால் தன் வெளி எட்ஜால் (பிளேடின் வெளிப்புற விளிம்பால்) அழுத்தித் தள்ளாவிட்டால் பாதி விசை வீண். முழங்கால் மடங்காமல் இரண்டுமே நடக்காது. ஜம்புக்குள் நுழையும் வேகம் இங்கிருந்துதான் வருகிறது. தரையிறங்கியபின் ஓட்டம் நிற்காமல் இருந்தால் அந்த ஜம்பின் தர மதிப்பெண்ணும் ஏறும். இப்போதைய மூன்று கலைக்கூறு மதிப்பெண்களில் ஒன்று முழுக்க ஸ்கேட்டிங் திறனுக்கே.

வந்தவர்களைப் பாருங்கள். தென் கொரியாவின் யூனா கிம் 2006 ஜூனியர் உலகச் சாம்பியன், 2010 ஒலிம்பிக்கில் 228.56 புள்ளிகளோடு தங்கம். ஜப்பானின் ஹன்யு 2012 உலக வெண்கலத்தோடு வந்து 2014, 2018 ஒலிம்பிக் இரண்டிலும் தங்கம் வென்றார். ஜம்ப் ஏற்கெனவே கையில் இருந்தவர்கள். மெருகேற்றுவதில் இந்தக் குழுவை மிஞ்சுவது கடினம்.

அடித்தளத்திலேயே கோளாறு என்றால் கதை வேறு. லட்ஸ் என்ற ஜம்ப் பின்னோக்கிய வெளி எட்ஜில் எழும்ப வேண்டும். கடைசி நொடியில் உள்ளே சாயும் பழக்கம் சிறுவயதில் படிந்தால், எந்தப் பயிற்சியாளரும் ஒரு சீசனில் மாற்றிவிட முடியாது. லட்ஸ் எட்ஜில் சிக்கலோடு 2018-ல் வந்த ரஷ்யாவின் மெத்வதேவா 2019-ல் உலக வெண்கலம் வென்றார்; 2020-ல் பழைய பயிற்சியாளரிடமே திரும்பினார்.

நேர் போட்டியாளரோடு ஒரே பயிற்சியாளரைப் பகிரத் தயக்கமா? 2015, 2016 உலகப் போட்டிகளில் ஸ்பெயினின் ஃபெர்னாண்டஸ் தங்கம், ஹன்யு வெள்ளி. இருவருமே ஆர்சரின் மாணவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்தே வளர்ந்தார்கள். ஆனால் முழுக் கவனமும் தனக்கே வேண்டும் என்பவருக்கு இந்த ஏற்பாடு சரிப்படாது.