கடைக்கு ஊர்ப் படங்கள்: சொந்த போனா, ஸ்டுடியோவா, வாடிக்கையாளர் படமா, இணையப் படமா?

கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரமும் குத்துவிளக்கும் விற்கும் ஒரு கடை தன் இணையப் பக்கத்தில் வாரம் ஒரு பதிவு போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பொருளும் விலையும் மட்டும் போட்டால், வாங்க நினைப்பவர் மட்டும்தான் எட்டிப் பார்ப்பார். பக்கத்து நாச்சியார்கோவில் பட்டறையில் விளக்குத் தண்டு கடைகிறவர், ஆடிப்பெருக்கன்று காவிரிப் படித்துறை, கார்த்திகைக்கு முதல் நாள் கடைத்தெரு என்று ஊரைப் போட்டால் ஊர்க்காரர் எல்லோருக்கும் அதில் பங்கு வந்துவிடும்.

அந்தப் படங்கள் கிடைக்க நான்கு வழி உண்டு. நான்கையும் நாங்கள் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறோம்: படம் எடுத்து முடித்த பிறகு, அதில் இருப்பவருக்கும் கடைக்கும் நடுவே ஏதாவது உறவு மிஞ்சுகிறதா? தெளிவு, வண்ணம், செலவு எல்லாம் அதற்கு அடுத்தது.

இணையப் படமும் ஏ.ஐ. படமும்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். குத்துவிளக்கு என்று தேடினால் உச்சி கூம்பிய கேரள நிலவிளக்குப் படங்கள் நிறைய வரும். நாச்சியார்கோவில் விளக்கின் அடையாளம் உச்சியில் நிற்கும் அன்னம். அன்னம் இல்லாத விளக்கைப் போட்டு ‘நம்ம ஊர் விளக்கு’ என்று எழுதினால், அந்தத் தொழிலில் இருக்கும் குடும்பங்கள் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடும். ஏ.ஐ. வரையும் கோபுரமும் அப்படித்தான். சாரங்கபாணி கோவில் ராஜகோபுரத்துக்கு 11 நிலை. ஒன்பதோ பதின்மூன்றோ வரைந்து கொடுத்தால் தினமும் அந்த வழியாக நடப்பவருக்குத் தெரியாமல் போகாது.

இலவசப் படத் தளங்கள் வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி தருகின்றன, உண்மைதான். ஆனால் படத்தில் இருக்கும் மனிதர் உங்கள் விளம்பரத்துக்கு ஒப்புக்கொண்டாரா என்பதற்கு அந்தத் தளம் பொறுப்பேற்காது. பார்சல் கட்டும் முறை, பணம் செலுத்தும் வழி போன்ற பக்கங்களுக்கு இந்த வகைப் படம் போதும். ஊரைப் பற்றிய பதிவில் ஒன்றுகூட வேண்டாம்.

சொந்த போன்

உறவு என்ற கணக்கில் முதல் இடம் இதற்குத்தான். படம் எடுக்கிறவரை ஊருக்குத் தெரியும். தெரியாத ஒருவர் பெரிய கேமராவோடு வார்ப்புப் பட்டறைக்குள் நுழைந்தால் வேலை நின்றுவிடும். எல்லோரும் சட்டையைச் சரிசெய்துகொண்டு வரிசையாக நிற்பார்கள். வாராவாரம் சரக்கெடுக்க வருகிற கடைக்காரர் போனை எடுத்தால் அரம் போடுகிறவர் கை நிற்காது.

விஷயத்துக்கும் பஞ்சமில்லை. நாச்சியார்கோவில் விளக்குக்கு நான்கு பாகம்: அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் நிற்கும் பிரபை. தனித்தனியாக வார்த்துக் கடைந்து, பிறகுதான் பொருத்துவார்கள். நான்கு பாகத்துக்கு நான்கு வாரம். ஒவ்வொன்றையும் செய்கிற ஆளின் கையும் முகமும். ஒரு மாதப் பதிவு அதிலேயே ஓடிவிடும்.

ஆனால் பித்தளை போன் கேமராவுக்குக் கொஞ்சம் சிரமமான பொருள். இருட்டுப் பட்டறையில் மினுங்கும் தட்டை எடுத்தால், போன் இருட்டைப் பார்த்துப் படத்தை வெளுப்பாக்கும். தட்டின் பளபளப்பு வெள்ளைத் திட்டாகிவிடும். பளிச்சென்று தெரியும் இடத்தைத் திரையில் தொட்டு, பக்கத்தில் தோன்றும் வெளிச்சக் கோட்டைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு எடுங்கள். இருட்டாக வந்த படத்தைப் பிறகு தூக்கிவிடலாம், வெளுத்துப்போனதை மீட்க முடியாது.

எல்.இ.டி. விளக்கடியில் எடுத்தால் சில சமயம் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். ஷட்டர் அதைவிட வேகமாக ஓடும்போது கோடு தெரிகிறது. புரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 வினாடி என்று வைத்தால் கோடு போகும். ஆனால் 1/50-ல் சுத்தியல் பிடித்த கை கலங்கிவிடும். ஆகவே விளக்கை அணைத்துவிட்டு வாசல் பக்கம் நகர்வதுதான் நல்ல வழி. பகல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்தால் முகம் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் வரும் தொல்லையும் அதோடு தீரும்.

குடம், அண்டா போன்றவற்றில் படம் எடுப்பவரே தெரிவார். ஜன்னலுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு வெள்ளை வேட்டியை இருவர் விரித்துப் பிடித்தால் வெளிச்சம் மெத்தென்று பரவி, பாத்திரத்தின் வளைவு அழகாகத் தெரியும். எடுப்பவர் அடர் நிறச் சட்டை போட்டுக்கொண்டு, இருட்டுப் பக்கமாக ஐந்தாறு அடி தள்ளி நின்று 2எக்ஸ் வைத்து எடுக்கட்டும். ஆட்களை எடுக்கும்போதும் இதே தூரம்தான். போனின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. கை நீட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும், படத்தில் இருப்பவருக்குப் பிடிக்காது. போர்ட்ரெய்ட் மோடை விளக்குக்குப் பயன்படுத்தவே வேண்டாம். பின்னணியை மங்கலாக்குகிறேன் என்று அன்னத்தின் அலகையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

இணையத்தில் ஏற்றும் படத்துக்கு நீளப் பக்கம் 1600 பிக்சல், ஜேபெக் தரம் 80, அளவு 200 முதல் 300 கேபி போதும். 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றினால் கிராமத்து சிக்னலில் பக்கம் திறக்கவே திறக்காது. மூலப்படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். டாக்குமென்டாகப் போகும் படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரமும் போகும். வீட்டிலேயே பட்டறை வைத்திருப்பவர் படமென்றால் அதை நீக்கிவிட்டு அனுப்புவதுதான் மரியாதை.

இந்த வழியின் பெரிய பலவீனம் தொடர்ச்சி. முதல் மாதம் உற்சாகமாக ஓடும். தீபாவளிக் கூட்டம் வந்ததும் நின்றுபோகும். வியாபாரம் குறைந்த நாளில் ஒரே பட்டறையில் ஆறு பதிவுக்கான படத்தை எடுத்து வைத்துக்கொள்வதே இதற்கு மருந்து.

ஊர் ஸ்டுடியோ

கல்யாணம் எடுக்கும் ஸ்டுடியோக்காரரை அரை நாள் கூப்பிடுவது அடுத்த வழி. கைவினைஞர்கள் எல்லோரையும் சேர்த்து எடுக்கும் குழுப்படம், பிரிண்ட் போட்டுக் கடைச் சுவரில் மாட்டும் படம், 3 அடி விளக்கின் முழு உருவம் ஆகியவற்றில் போன் இவரோடு போட்டி போட முடியாது. அவரும் ஊர்க்காரர்தான், அவர் கொடுக்கும் பிரிண்டுக்கு ஊரில் தனி மதிப்பு உண்டு.

முகூர்த்த நாளில் தேடினால் கிடைக்கமாட்டார். கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கேட்டால் நேரமும் கிடைக்கும், கூலியும் படியும். போவதற்கு முன் வேண்டிய படங்களை எழுதிக் கொடுங்கள். அரை நாளுக்கு 20, 25 காட்சிக்கு மேல் வேண்டாம். பட்டியல் இல்லாமல் போனால் அழகான படங்கள் நிறைய வரும், பதிவுக்கு ஆகும் படம் இருக்காது.

கல்யாண ஆல்பப் பழக்கத்தில் வரும் மூன்று கோளாறுகளை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். முதலாவது முகத்தை மழுங்கடித்து வெளுப்பாக்குவது. உலை முன்னால் நிற்பவர் முகத்தில் கரியும் வியர்வையும் இருப்பதுதான் படம். அதைத் துடைத்துவிட்டால் அவர் வீட்டாருக்கே அடையாளம் தெரியாது. இரண்டாவது, வண்ணத்தை ஏற்றிவிடுவது. பித்தளை தங்கமாகத் தெரிந்தால் வாங்க வந்தவர் ஏமாற்றமடைவார். மூன்றாவது நேர் பிளாஷ். பிளாஷைப் பக்கவாட்டில் தெர்மாகோல் அட்டையில் அடித்துத் திருப்பச் சொல்லுங்கள். பளபளப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் சி.பி.எல். பில்டர் போட்டால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் அது உதவும், பாலிஷ் போட்ட உலோகத்தின் பளபளப்பை அது குறைக்காது.

உரிமை விஷயத்தில் 1957 பதிப்புரிமைச் சட்டம் கடைக்காரர் பக்கம்தான். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே. இருந்தாலும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது: முழு அளவுப் படங்களைத் தர வேண்டும், அவரும் தன் விளம்பரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு பதிவிலும் ஸ்டுடியோ பெயர் வரும். படத்தின் மேல் வாட்டர்மார்க் போடுவதைவிட, படக்குறிப்பில் பெயரும் தொடர்பும் போடுவது அவருக்கே லாபம்.

வாடிக்கையாளர் அனுப்பும் படம்

பரவுவதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. தன் வீட்டுப் படம் வந்த பக்கத்தை ஒருவர் குடும்பக் குழுவில் போட்டால் சென்னை, சிங்கப்பூர் வரை போய்விடும். ஆனால் ‘நம்ம ஊர் படம் அனுப்புங்க’ என்று பொதுவாகக் கேட்டால் கோபுரமும் சூரிய அஸ்தமனமும்தான் வரும். கேள்வியைக் குறுக்குங்கள். ‘உங்கள் வீட்டிலேயே பழைய பித்தளைப் பாத்திரம் எது? அதை இப்போது வைத்திருப்பவரோடு ஒரு படம்.’ இப்படிக் கேட்டால் பாட்டி, சீர்வரிசை, பெயர் வெட்டிய சொம்பு எல்லாம் வெளியே வரும்.

பழைய கல்யாணப் படம் கொண்டுவருபவர் உண்டு. ஸ்கேனரில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்தால் 4×6 அங்குல பிரிண்ட் 2400×3600 பிக்சலாகக் கிடைக்கும். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கக் கூடாது. மேல் பூச்சு கையோடு வந்துவிடும். நிழலான திண்ணையில் பக்கத்தோடு வைத்து, பிளாஷ் இல்லாமல் நேர் மேலிருந்து எடுத்தால் போதும். கொண்டுவந்தவர் கண் முன்னாலேயே எடுத்து, அப்போதே கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு நாள்கூட கடையில் தங்க வேண்டாம்.

இங்கே கோளாறு உரிமையில்தான் வரும். அனுப்பியவரும் எடுத்தவரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் இப்படிக் கேட்டு பதிலை வைத்துக்கொள்ளலாம்: ‘இந்தப் படம் நீங்கள் எடுத்ததா? இதில் இருப்பவர்கள் சம்மதமா? எங்கள் இணையப் பக்கத்திலும் கடைச் சுவரிலும் உங்கள் பெயரோடு 3 ஆண்டு பயன்படுத்தலாமா? வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் எடுத்துவிடுவோம்.’ காலம் குறிப்பிடாமல் வாங்கிய எழுத்து அனுமதியைச் சட்டம் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று மட்டும். 18 வயதுக்கு உட்பட்டவர் படமென்றால் பெற்றோரிடம் கேட்காமல் போடவே கூடாது.

போட்டி வைப்பதாக இருந்தால் லைக் எண்ணிக்கையைப் பார்த்துப் பரிசு கொடுக்காதீர்கள். சொந்தக்காரர் அதிகம் உள்ளவர் ஜெயிப்பார், மற்றவர் கசந்துபோவார். ஒரு பட்டறைக்காரர், ஒரு ஓவிய ஆசிரியர், ஒரு ஸ்டுடியோக்காரர் என்று மூவர் தேர்ந்தெடுக்கட்டும். தேர்ந்த படத்தை கூகுள் லென்ஸில் ஒருமுறை தேடிப் பார்த்தால் இணையத்திலிருந்து இறக்கியது பிடிபட்டுவிடும்.

ஒரே மாலை, நான்கு விதம்

கார்த்திகை தீப மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். போன் வைத்திருப்பவர் அஸ்தமனத்துக்குப் பின் 15, 20 நிமிடத்தில், 6 மணியை ஒட்டி எடுக்க வேண்டும். வானமும் விளக்கும் சமமாகத் தெரியும் நேரம் அது. இருட்டிய பிறகு நைட் மோடு ஓரிரு வினாடி பிடித்துக்கொள்ளும். விளக்கேற்றுகிற பெண்ணின் கை ஆவிபோல வரும். ஸ்டுடியோக்காரர் ஸ்டாண்ட் போட்டுத் தெரு முழுவதையும் தெளிவாகத் தருவார். ஆனால் ஒரு தெருவோடு சரி. வாடிக்கையாளர்கள் பல தெருவின் வாசல்களைத் தருவார்கள், பாதிக்கு மேல் மங்கலாக இருந்தாலும் ஒவ்வொன்றும் ஒரு வீடு. இணையப் படத்தில் அழகான அகல் வரிசை கிடைக்கும், எந்த ஊர் என்று சொல்ல முடியாது.

இடத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. தமிழகக் கோவில்களுக்குள் செல்போனைத் தடைசெய்ய உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது, ஆகவே வெளிவீதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தாராசுரம் ஐராவதேசுவரர் கோவில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஸ்டாண்ட் போட முன் அனுமதி வேண்டும். படித்துறையில் குளிப்பவர்களை எடுக்கவே வேண்டாம், கூட்டத்தில் எடுத்தாலும் சரி.

எதை எவ்வளவு

எங்கள் தேர்வு இது. நான்கு வாரத்தில் மூன்று வாரம் சொந்த போன், ஒரு வாரம் வாடிக்கையாளர் படம். ஆடியில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை ஸ்டுடியோ. எந்த வழியில் வந்த படமானாலும் ஒரு நோட்டில் பெயர், போன் எண், தேதி, சம்மதம் நான்கையும் எழுதிவிட வேண்டும். பதிவு போடுவதற்கு முன் படத்தில் இருப்பவருக்கு முதலில் அனுப்பி, பெயர் எழுத்து சரியா என்று கேட்க வேண்டும். பிறகு 4×6 பிரிண்ட் ஒன்றைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பிரிண்ட் கொடுக்காத கடைக்கு இரண்டாம் முறை பட்டறைக் கதவு அவ்வளவு எளிதில் திறக்காது. ‘விளக்கு தயாரிப்பு’ என்ற படக்குறிப்பு யாருக்கும் உதவாது. ஆளின் பெயர், ஊர், செய்துகொண்டிருக்கும் வேலை, தேதி இந்த நான்கும் வரட்டும்.

அடுத்த மகாமகம் 2028-ல். கடந்தது 2016-ல் நடந்தது. அதுவரை மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களில் ஒன்றைத் தேர்ந்து, எதிர்க்கரையில் நிற்கும் இடத்தைத் தரையில் அடையாளம் வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை காலை 7 மணிக்கு, ஜூம் இல்லாமல் 1எக்ஸ்-ல், போனைக் குறுக்காகப் பிடித்து எடுத்து வரலாம். முதல் மாதப் படத்தைத் திரையில் பக்கத்தில் வைத்துக்கொண்டு மண்டப உச்சியும் கரைக்கோடும் அதே இடத்தில் விழுகிறதா என்று பார்த்து எடுத்தால்தான் பிறகு வரிசையாக அடுக்க முடியும்.